முன்சக்கரத்துப் பிடி

அந்த நாட்களில் என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சணல் கயிறு இருக்கும். அளவெடுக்க எனக்கு அதுதான். டேப்பில் முழு அங்குலம் வரைக்கும் தெரியும். அரை, கால், அரைக்கால் என்று வந்தால் குழம்பிவிடுவேன். கயிற்றில் முடிச்சுப் போட்டுவிட்டால் குழப்பம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இப்படி ஒவ்வொன்றுக்கும் எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்த வழிகளில் ஒன்று ஒரு பெண்ணை நடுரோட்டில் தள்ளப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில், பூந்தமல்லி சாலை மேல் எங்கள் முதலாளியின் சைக்கிள் கடை. வாடகைக்கு இருபது சைக்கிள்கள், பஞ்சர், பழுது பார்ப்பது, எப்போதாவது உதிரி பாகம் வாங்கிப் புது வண்டி கட்டுவது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வளைந்த சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவதைக் கோட்டம் எடுப்பது என்போம். அதில் எனக்கு நல்ல பெயர். திருநின்றவூரிலிருந்துகூடச் சக்கரத்தை ரயிலில் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் வந்தவர்களிடம் பேசுவது முதலாளிதான். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். "இவனுக்கு எல்லா பார்ட்ஸும் கரெக்டா கீது, பெல்லு மட்டும் வெக்க மறந்துட்டாங்க" என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் குனிந்தபடி சிரிப்பேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் டீச்சர் வந்தார். பக்கத்து கான்வென்ட் பள்ளியில் விளையாட்டு டீச்சர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பழைய லேடீஸ் சைக்கிளில் வந்து, ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே முதலாளியிடம் பேச ஆரம்பித்துவிட்டார். அவர்கள் மாதா கோயிலைச் சேர்ந்த ஆண்கள் நாலு பேர் ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜை லீவில் சைக்கிளிலேயே வேளாங்கண்ணிக்குப் போவார்கள். முந்தின வருடம் டீச்சருடைய அம்மா சாகக் கிடந்து தேறியிருந்தார். அதற்காக நானே சைக்கிள் மிதித்து வருகிறேன் என்று டீச்சர் மாதாவிடம் நேர்ந்துகொண்டாராம். போய்க் கேட்டதற்கு அந்தக் கூட்டத்தின் தலைவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்.

"உங்களுக்காக வழியில ஒரு தடவை நாங்க நின்னாலும், அங்கயே பஸ் ஏறிடணும்னு சொல்லிட்டாரு" என்றார் டீச்சர். "அதனால நிக்காத வண்டி ஒண்ணு கட்டிக் குடுங்க."

முதலாளி என்னைக் காட்டினார். "கட்றது இவன்தான். பேச மாட்டான். ஆனா இவன் கட்ன வண்டி பேசும்."

தூரம் போகிற வண்டி என்றால் ஓட்டுகிறவரின் காலுக்கும் கைக்கும் கட்ட வேண்டும். சீட்டு உயரம் ஒரு விரல் கூடினாலும் குறைந்தாலும் ஐம்பது மைலில் முட்டி போய்விடும். அதற்குத் தொடையிடுக்கிலிருந்து பாதம் வரைக்கும் அளவு வேண்டும். அதை ஒரு டீச்சரிடம் நான் எப்படிக் கேட்பேன்? கயிற்றைப் பையிலிருந்து எடுத்தேன், திரும்ப வைத்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய பழைய சைக்கிளின் சீட்டிலிருந்து பெடல் வரைக்கும் கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். அது அவருக்குப் பொருந்தாத வண்டி. அந்த அளவால் பயன் இல்லை. முதலாளி கவனித்துவிட்டார்.

"டீச்சர், இவனுக்கு உங்க கால் நீளம் வேணுமாம். கேக்கறதுக்கு வெக்கப்பட்டுகினு சைக்கிளை அளந்துகினு கீறான்!"

எனக்குக் காது சுட்டது. டீச்சர் சிரித்துவிட்டு, "குடுங்கண்ணே அந்தக் கயிறை" என்று வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கயிறு மூன்று முடிச்சுகளோடு வந்தது. கால் ஒன்று, இடுப்பிலிருந்து தோள் ஒன்று, கை ஒன்று. சேர்த்துப் போட்டால் குழம்பிவிடுவேன் என்று ஒவ்வொரு முடிச்சிலும் வேறு நிறத்தில் ஊசி நூல் கட்டியிருந்தார்.

அந்தக் கயிற்றை வைத்துத்தான் வண்டி கட்டினேன். பட்டாளக் குடியிருப்பில் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது விற்ற ரேஸ் சைக்கிளின் ஃப்ரேம் கிடைத்தது. பெரிய பையனுக்கு வாங்கியது போலிருக்கிறது. டீச்சருக்குக் கச்சிதமாக இருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி விரிசல் பார்த்தேன். ஹேண்டில்பாருக்கு நாலு கடை அலைந்தேன். கீழே வளைந்த ரேஸ் ஹேண்டில் எல்லாம் ஆண்களின் தோளுக்குச் செய்தவை; அகலம் ஜாஸ்தி. பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் குறுகலாக ஒன்று அகப்பட்டது.

சீட்டில் எனக்கும் டீச்சருக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் அகலமான ஸ்பிரிங் சீட்டு கேட்டார். பத்து மைலுக்கு அது மெத்தை, நூறு மைலுக்கு அது ரம்பம். இதை அவரிடம் வாயால் சொல்ல முடியாமல், ஸ்பிரிங் சீட்டு போட்ட வாடகை வண்டியைக் கொடுத்து அனுப்பினேன். திருமழிசை தாண்டிக் குத்தம்பாக்கம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவர் நொண்டிக்கொண்டே இறங்கி, "சரி, உங்க இஷ்டம்" என்றார். குறுகலான தோல் சீட்டு போட்டேன். பின்னால் ஐந்து பல்சக்கரம் வைத்த கியர். மேடு இல்லாத சாலைக்குக் கியர் எதற்கு என்று முதலாளி கேட்டார். புதுச்சேரி தாண்டினால் கடல்காற்று எதிரே அடிக்கும், அதுதான் மேடு. அந்தப் பக்கம் போய் வந்த லாரிக்காரர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு வைத்திருந்தேன்.

சக்கரங்கள் மட்டும் டீச்சரே கொண்டுவந்தார். வளைகுடாவில் இருக்கும் அவருடைய அண்ணன் லீவில் வந்தபோது எடுத்துவந்த ஜோடி. வெளிநாட்டு அலுமினிய ரிம். கையில் எடுத்தேன், எடுத்த மாதிரியே இல்லை. பின்சக்கரம் எங்கள் ஃப்ரேமில் நுழையவில்லை, அச்சு அகலம். அதனால் பின்னால் நம்மூர் சக்கரத்தையே கம்பி கோத்து, இரண்டு பக்கமும் நட்டுப் போட்டு இறுக்கினேன். முன்சக்கரம் நுழைந்தது. ஆனால் அதில் நட்டு இல்லை.

அச்சு உள்ளே துளையாக இருந்தது. அந்தத் துளைக்குள் போக ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் ஒரு முனையில் சின்னத் திருகு, மறுமுனையில் கரண்டிக் காம்பு போல வளைந்த ஒரு பிடி. அதுவரை அப்படி ஒன்றை நான் பார்த்தது இல்லை. ஸ்பேனர் இல்லாமல் ஒரு சக்கரம் எப்படி நிற்கும்?

அதோடு மடித்த தாள் ஒன்று இருந்தது. இங்கிலீஷ் எழுத்து, நடுவில் இரண்டு படங்கள். டீச்சர் நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்தார்.

"படிச்சுக் காட்டவாண்ணே?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி ஏதாவது சொல்லிச் சிரிக்கத் தயாராக இருந்தார். நான் தலையை ஆட்டினேன். அது போதாதென்று வாயையும் திறந்தேன்.

"வேணாம் டீச்சர். தெரியும்."

அவர் போன பிறகு படங்களைப் பார்த்தேன். ஒரு படத்தில் ஒரு கை அந்தப் பிடியைக் குழாயைத் திருகுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. இன்னொரு படத்தில் பிடி மடங்கி இருந்தது. அதன் மேல் குறி எதுவும் இல்லை.

பஞ்சர் கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். டியூபைத் தண்ணீரில் அழுத்திக் காற்று எங்கே குமிழி விடுகிறதோ, அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் பென்சிலால் பெருக்கல் குறி போடுவோம். வளைந்த ரிம்மிலும் சாக்பீஸால் அதே குறிதான். குறி இருக்கும் இடத்தில் வேலை. குறி இல்லாத இடத்தில் வேலை இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து என் கண் அப்படித்தான் பழகியிருந்தது. ஆகவே குறி போட்ட படம்தான் எனக்கான படம் என்று எடுத்துக்கொண்டேன். பிடியைச் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். கை வலிக்கும்வரை இறுக்கினேன். சக்கரம் அசையவில்லை. நானே ஏறி மார்க்கெட் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். வண்டி தண்ணீர் போல ஓடியது.

பின்சக்கரத்துக்கு வந்த அதே மாதிரிக் கம்பி தேவைப்படாமல் கடையில் கிடந்தது. தாளை அதோடு சுற்றி என் டப்பாவில் போட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின மாலை டீச்சர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். விடியற்காலையில் ஐந்தரைக்கு ஆவடியிலிருந்து கிளம்பி, பூந்தமல்லி மாதா கோயிலில் ஆறரை மணிப் பூசையைப் பார்த்துவிட்டு, மாங்காடு, குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் போய்ப் பெரிய ரோட்டைப் பிடிப்பதாகச் சொன்னார். எதையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போகிறவர் அவர். அதனால்தான் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பூஜை அன்று காலை ஆறுமணிக்கே கடையைக் கழுவிவிட்டோம். வாடகை சைக்கிள்கள் இருபதையும் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக்கூடாது. முதலாளி இதில் கண்டிப்பு. பஞ்சர் என்று யார் வந்து நின்றாலும் கையைக் கூப்பி அனுப்பிவிடுவார்.

நான் என் சாமான்களைத் துடைத்து ஒரு பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பேனர்கள், கம்பி இறுக்கும் சாவி, சுத்தியல். டப்பாவில் அந்தக் கம்பியும் இருந்தது. அதுவும் ஆயுதம்தானே என்று எடுத்தேன். தனியாக வைத்தால் தொலைந்துவிடும் என்று அதே பின்சக்கரத்திலிருந்து கழற்றி வைத்திருந்த துளை அச்சுக்குள் நுழைத்து, டீச்சர் வண்டியில் செய்தது போலவே சுற்றி இறுக்கினேன். பிறகு துணியால் பிடியைத் துடைத்தேன். துடைக்கிற வேகத்தில் கை அழுந்தியது. பிடி சுற்றவில்லை, மடங்கியது.

பாதி வழியில் கனத்தது. இன்னும் அழுத்தினேன். கதவுத் தாழ்ப்பாள் விழுவது போல உட்கார்ந்துகொண்டது. அச்சைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். கம்பியின் இரண்டு முனைகளும் இரும்பைக் கவ்விக்கொண்டிருந்தன. பிடியைத் திறந்து, வெறுமனே சுற்றி இறுக்கி, மறுபடி திருகினேன். வழுக்கிக்கொண்டு வந்தது.

தாளை விரித்தேன். சுற்றுகிற கை, அதன் மேல் பெருக்கல் குறி. மடங்கிய பிடி, அதன் மேல் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டில் வாத்தியார் போட்ட பெருக்கல் குறிகள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. தப்பான கணக்கின் மேல் போடுவாரே, அந்தக் குறி.

மணி ஏழு. பூந்தமல்லியில் பூசை முடியும் நேரம். பஸ்ஸுக்கு நிற்கலாம் என்றால் பண்டிகை நாள், எப்போது வரும் என்று தெரியாது. என் சொந்தச் சைக்கிள் என்று ஒன்று கிடையாது. வரிசையில் முதலில் நின்ற வாடகை வண்டியைப் பிடித்தேன்.

"டேய்! இன்னாடா பண்றே? பூஜைல வெச்ச வண்டிடா அது!"

நான் நின்றேன். பதினாலு வருடம் அவரிடம் ஒரு முழு வாக்கியம் சேர்த்துப் பேசியதில்லை. ஹேண்டிலை விடாமல் நின்ற என்னை அவர் பார்த்தார்.

"இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி கீது? ஊட்ல எதுனா...?"

"டீச்சர் வண்டி முன்வீல் கழண்டுக்கும். நான் தப்பா மாட்டிட்டேன். தாள்ல போட்டிருந்திச்சி. எனக்குப் படிக்கத் தெரியல. தெரியும்னு சொல்லிட்டேன்."

முதலாளி என்னையே பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, அந்த வண்டியின் சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தைத் தன் கையாலேயே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"போடா. நிக்காதே. போ!"

தாளைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு மிதித்தேன். சந்தனம் ஈரம் காயாத வாடகை வண்டி. நானே ஆயில் போட்டது, நன்றாகத்தான் ஓடியது. ஆனால் இருபது வருடத்துக் கனமான இரும்பு. என் கண்ணுக்கு முன்னால் அந்த முன்சக்கரம் மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் போதும். சக்கரம் தனியாகப் போகும். ஃபோர்க் தரையில் குத்தும். பின்னால் லாரி வந்தால்? அதற்கு மேல் நினைக்காமலிருக்கப் பெடல்களை எண்ணினேன். நூறு வரைக்கும் எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து.

பருத்திப்பட்டு தாண்டும்போது சாலை ஓரத்தில் கூட்டம். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் சிவப்பாக இருந்தது. என் கால்கள் நின்றுவிட்டன. வண்டி தானாக உருண்டு கூட்டத்தின் அருகே போனது. ஒரு லாரிக்குப் பூஜை போட்டுப் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். உள்ளே அடைத்த குங்குமம் சாலையெல்லாம் சிதறிக் கிடந்தது. அதில் கிடந்த காசைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஓரமா போ நைனா, வழுக்கும்!" என்றார் ஒருவர்.

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. இன்றைக்குச் சாலை முழுக்கப் பூசணிக்காய் கிடக்கும். ஒவ்வொரு கம்பெனி வாசலிலும், லாரி ஷெட்டிலும், ஆட்டோ ஸ்டாண்டிலும். வருடத்தில் இந்த ஒரு நாளைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

பூந்தமல்லிக் கோயில் வாசலில் ஒரு அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சே வரவில்லை. "சைக்கிள்ல... வேளாங்கண்ணி..." என்றேன்.

"அவங்களா? ஃபாதர் தீர்த்தம் தெளிச்சி அனுப்பிட்டாரே. கால் மணி நேரம் ஆச்சு தம்பி. ஒரு பொண்ணுகூட இருந்துச்சே, அந்தக் கூட்டம்தானே?"

கால் மணி நேரம். ரேஸ் சக்கரத்துக்குக் கால் மணி நேரம் என்றால் நாலு மைல். குமணன்சாவடியில் திரும்பினேன். மாங்காட்டில் அம்மன் கோயிலைச் சுற்றிப் பூஜைக்கு வந்த வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. மாலை போட்ட வேன்கள், ஆட்டோக்கள், எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது. அவர்களும் இங்கே இறங்கித்தான் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அளவுக்காவது தாமதமாகியிருக்கும்.

மாங்காடு முடிந்து வீடுகள் குறைகிற இடத்தில், புளியமரத்தடியில் சைக்கிள்கள் தெரிந்தன. நாலு நின்றுகொண்டிருந்தன. ஒன்று தலைகீழாக இருந்தது.

டீச்சர் நின்றுகொண்டிருந்தார். இறங்கும்போது என் வண்டி கீழே விழுந்தது, எடுக்கத் தோன்றவில்லை. அவருடைய முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. மூன்று ஆண்கள் தலைகீழாக நின்ற வண்டியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். ஒருவர் கையில் ஸ்பேனர் வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தார்.

"நட்டே இல்லையே மாமே இதுல!"

"நட்டு இல்லாத வண்டிய எவன்டா கட்டிக் குடுத்தான்? வுடு, கட்டுக்கம்பி போட்டுச் சுத்திடலாம்."

பெரிய மீசை வைத்த ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர்தான் தலைவர் என்று புரிந்தது. "கட்டுக்கம்பியும் வேணாம், ஒண்ணும் வேணாம். டீச்சர், முன்னாடியே பேசினோம். உங்களுக்காக நின்னா பஸ்ஸுன்னு. இன்னும் ஊர் எல்லையே தாண்டல, நின்னாச்சு. குன்றத்தூர்ல வண்டிய ஏதாவது கடையில போட்டுட்டு பஸ் ஏறிடுங்க. எல்லாம் வண்டி ஓட்டற விதத்துலதான் இருக்குது."

"பூசணிக்காத் துண்டு மேல ஏறினேன். அவ்வளவுதான்" என்றார் டீச்சர். அவர் குரல் தாழ்ந்திருந்தது. "சக்கரம் சாஞ்சிடுச்சு. நான் தப்பா ஓட்டல."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீங்க எங்கண்ணே இங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். ஐந்து முகங்கள். பிடியை ஒரு நொடியில் மடித்துச் சரிசெய்துவிட்டு, காற்று பார்க்க வந்தேன் என்று ஏதாவது சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. டீச்சர் சரியாக ஓட்டவில்லை என்பதோடு முடிந்திருக்கும்.

"அவங்க ஓட்டினது தப்பில்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அவங்க மேல தப்பில்ல. நான்தான் வீலைத் தப்பா மாட்டினேன். இதைச் சுத்தக்கூடாது, மடிக்கணும். எனக்குத் தெரியல."

"டேய் நைனா, கொன்னுருப்பியேடா!" என்றார் ஸ்பேனர் வைத்திருந்தவர்.

டீச்சர் முழங்கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். "படிச்சுக் காட்டவான்னு கேட்டேனே" என்றார்.

"ஆமா டீச்சர். தெரியும்னு பொய் சொன்னேன்."

அவர் கையை நீட்டினார். பையிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து, அந்தப் புளியமரத்தடியில் நின்று, நாலு ஆண்களுக்கும் எனக்கும் கேட்கும்படி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். வகுப்பில் சொல்வது போல நிதானமாக. "பிடியை முழுசாத் திறக்கணும். மறுபக்கத்துத் திருகைக் கையால லேசா இறுக்கணும். இப்ப பிடிய மடிங்க. பாதி வழியில கனக்கணும். கனக்குதா?"

"கனக்குது."

"மூடி முடிக்கிறப்போ உள்ளங்கையில தடம் விழணும்னு போட்டிருக்கு."

அழுத்தினேன். அது உட்கார்ந்தது. கையை விரித்துக் காட்டினேன். உள்ளங்கையில் வளைவாகச் சிவப்பாக ஒரு கோடு. டீச்சர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிடியைத் திறந்து, தானே மடித்தார். மறுபடி திறந்தார், மடித்தார். மூன்று தடவை. வண்டியை நிமிர்த்தி, முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தின் தலையில் முஷ்டியால் ஓங்கிக் குத்தினார். சக்கரம் அசையவில்லை.

"நம்ம பேச்சு எனக்காக நின்னா பஸ்ஸுன்னு" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னார். "இப்ப நின்னது எனக்காக இல்ல. இந்த அண்ணனுக்காக."

மீசைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கூட வந்தவரில் ஒருவர் சிரித்துவிட்டார். "அண்ணாத்தே, பாயின்ட்டு கரெக்டு. பஸ்ஸுல இவனத்தான் ஏத்தணும்!"

தலைவர் சிரிக்கவில்லை. "ஏறுங்க, நேரமாவுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வண்டியில் ஏறினார்.

குன்றத்தூர் வரைக்கும் நான் அவர்களுக்குப் பின்னால் போனேன். யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. என் கண் டீச்சருடைய முன்சக்கரத்தை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் என் பற்கள் கடித்துக்கொண்டன. மலைக்கோயில் தெரியும் இடத்தில் அவர்கள் வேகம் எடுத்தார்கள். என் வாடகை வண்டியால் முடியவில்லை. டீச்சர் திரும்பிப் பார்க்காமலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டிப் போ என்று காட்டினார். நின்றுவிட்டேன். வெயிலில் ஐந்து முதுகுகள் சின்னதாகி மறைந்தன.

கடைக்குத் திரும்பியபோது மணி பத்து இருக்கும். முதலாளி பூஜையைத் தொடங்கவே இல்லை. வரிசையில் அந்த ஒரு வண்டியின் இடம் காலியாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். "கீறாங்களா?" என்றார். "போறாங்க" என்றேன். பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து வண்டியின் அடியில் வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார். பெல் இல்லாத வண்டி என்ற அந்தக் கிண்டலை அதன்பிறகு நான் கேட்டதில்லை.

அடுத்த மூன்று நாட்கள் எப்படிப் போயின என்று எழுதத் தெரியவில்லை. சேதி சொல்ல யாரும் இல்லை. சக்கரம் சரி, ஆனால் நான் மாட்டிய மற்றவை? ஒவ்வொரு நட்டாக மனதிலேயே மறுபடி இறுக்கினேன். ஹேண்டில், பெடல், பிரேக் கம்பி. ஒன்றைத் தெரியாமல் செய்திருக்கிறேன் என்றால் இன்னும் எத்தனையைத் தெரியாமல் செய்திருப்பேன்? சாப்பாடு இறங்கவில்லை. கடைக்கு வந்த ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கும்போது, நன்றாக இருந்ததை நானே வளைத்துவிட்டேன்.

நான்காம் நாள் சாயங்காலம் டீச்சர் வந்தார். நாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் வண்டியைப் போட்டுக்கொண்டு திரும்பியிருந்தார்கள். முகம் கருத்து, மூக்கில் தோல் உரிந்திருந்தது. வண்டியெல்லாம் கடற்கரை மணல். செயினைக் கழுவி எண்ணெய் போடச் சொன்னார்.

"போய்ச் சேந்துட்டேண்ணே" என்றார் முதலாளியிடம். "கடலூர் தாண்டி மீசைக்காரருக்குத்தான் முட்டி போயிடுச்சு. அவருக்காக நாங்க ரெண்டு தடவை நின்னோம்."

"பஸ் ஏத்தலையா?" என்றார் முதலாளி.

"பாவம்னு விட்டுட்டோம்."

முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் குனிந்து செயினைக் கழுவினேன். முடித்துவிட்டு முன்சக்கரத்துப் பிடியைத் திறந்து, அச்சைத் துடைத்து, தாளில் இருந்தபடியே மடித்து மூடினேன். உள்ளங்கையில் தடம் விழுந்தது. காட்டலாமா என்று நினைத்தேன். காட்டவில்லை.

டீச்சர் வண்டியை வாங்கிக்கொண்டார். ஏறுவதற்கு முன் குனிந்து, நான் இப்போதுதான் மூடிய பிடியைத் திறந்து, தன் கையால் மறுபடி மடித்தார். முன்பக்கத்தைத் தூக்கி முஷ்டியால் ஒரு குத்துக் குத்தினார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

அதன்பிறகு நாலைந்து வருடம் அந்த வண்டி எங்கள் கடைக்குத்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் மூடுவேன், அவர் திறந்து மூடுவார். ஒரு தடவைகூட அவர் அதைச் செய்யாமல் ஏறியதில்லை. நானும் அவர் செய்து முடிக்கும்வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.